யார் யாரைச் சீரமைப்பது?



போன தையில் என் அக்கா மகன் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்தான். மெல்போர்ன் நகரத்தில் கம்ப்யூட்டர் வேலை. காலையில் என்னோடு வயலுக்கு வந்தவன் வரப்பில் உட்கார்ந்து ஒரு விசயம் சொன்னான். அங்கே ஆபீஸ் கூட்டமானாலும் பள்ளிக்கூட விழாவானாலும், ஆரம்பிக்கும்போது ஒருவர் எழுந்து, "இந்த நிலத்தின் பாரம்பரிய உரிமையாளர்களான வுருன்ஜெரி மக்களுக்கு மரியாதை செலுத்துகிறோம்" என்று சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார்களாம். சொல்லிவிட்டு அவன் கேட்டான்: "நம்ம ஊர்ல அப்படி யாருக்காவது சொல்லணும்னா யாருக்கு மாமா சொல்றது?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. எங்கள் பரவை வயலில் நின்று பார்த்தால் தெற்கே வைகைக்கு அப்பால் நாகமலை நீளமாகத் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த மலைக்கு அந்தப் பக்கம்தான் கீழக்குயில்குடி. முப்பது வருசத்துக்கு மேலாக எனக்குள் கிடக்கிற ஒரு கடன் நினைவுக்கு வந்தது. வங்கியில் வேலை பார்த்தவன் சொல்கிறேன், பணக்கடனைத் தள்ளுபடி செய்யலாம். இது அப்படிப்பட்டதல்ல.

எண்பதுகளின் கடைசி. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிளையில் நான் கள அதிகாரி. ஐ.ஆர்.டி.பி. கடன் கொடுத்த காலம். மார்ச் 31-க்குள் இலக்கை முடித்தாக வேண்டும். ஆட்டுக்கடன் கேட்டு ஒரு பெரியவர் வந்தார். எல்லாக் காகிதமும் சரி. கையெழுத்துத் தெரியாது என்றார். மை டப்பாவை அவர் பக்கம் தள்ளினேன். அவர் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார்.

"அத எடுங்க சார். எங்கய்யா வச்சது போதும். நான் வைக்க மாட்டேன்."

எனக்கு விளங்கவில்லை. "பெரியவரே, இது சும்மா ரேகைதான், எல்லாரும் வைக்கிறாங்க" என்றேன். அவர் எழுந்து போய்விட்டார். கிளையில் எல்லாரும் சிரித்தோம், நானும்தான். ஏப்ரலில் திரும்பி வந்தார். பேரனிடம் எழுத்துக்கூட்டிப் பழகி, தன் பெயரைக் கோணல்மாணலாக எழுதிக் காட்டினார். நான், "இந்த வருசக் கோட்டா முடிஞ்சு போச்சு. அடுத்த வருசம் வாங்க" என்றேன். அவர் வரவே இல்லை.

அவருடைய அய்யா எங்கே ரேகை வைத்தார் என்பது எனக்குப் பல வருசம் கழித்துத்தான் உறைத்தது. மதுரையில் படித்த பட்டதாரி நான். பக்கத்து வட்டாரத்து வரலாறு எனக்கு ஒரு வரி தெரியாது.

வெள்ளைக்காரன் 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தான். ஒரு மனிதன் செய்த குற்றத்துக்குத் தண்டனை என்பது போய், ஒரு சாதியில் பிறந்ததே குற்றம் என்று ஆக்கிய சட்டம் அது. 1911-ல் திருத்தி, சென்னை மாகாணத்துக்கும் விரித்தார்கள். நம் வட்டாரத்தில் முதலில் சிக்கியவர்கள் கீழக்குயில்குடிக் கள்ளர்கள். பிறகு மொத்தப் பிரமலைக் கள்ளர் மீதும் பாய்ந்தது. ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் 'ரேகைச் சட்டம்'. வயது வந்த ஆண்கள் பத்து விரலையும் பதிவேட்டில் உருட்ட வேண்டும். ஊரைவிட்டு வெளியே போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். இரவானால் சாவடியிலோ போலீஸ் ஸ்டேசனிலோ போய்ப் படுக்க வேண்டும்.

இந்தக் கடைசி விசயத்தை உழவர்களாகிய நாம் கொஞ்சம் நிதானித்து யோசிக்க வேண்டும். வரலாற்றுப் புத்தகம் எழுதுகிறவர்களுக்கு அது ஒரு வரி. நமக்கு அப்படியா? ராத்திரி தண்ணீர் முறை வந்தால் யார் போய் மடையைத் திறப்பது? களத்தில் கிடக்கிற கதிருக்கு யார் காவல்? விடிகாலையில் கவலை பூட்டி இறைப்பது எப்படி? சினை மாடு நடுச்சாமத்தில் கன்று ஈன்றால் யார் பக்கத்தில் இருப்பது? சாவடியில் படுத்துக் கிடந்தவன் விவசாயம் பார்த்திருக்க முடியுமா? விவசாயம் பார்க்க முடியாமல் செய்துவிட்டு, "இவர்களுக்கு விவசாயத்தில் நாட்டமில்லை, திருட்டுத்தான் தொழில்" என்று எழுதி வைத்தார்கள்.

அதற்கும் முந்திய கதை ஒன்று உண்டு. இந்த மக்களுக்கு ஒரு தொழில் இருந்தது. காவல். ஊர்களுக்குக் காவல் இருந்து, அதற்குக் கூலியாகத் தானியமும் பணமும் பெற்றவர்கள். களவு போனால் கண்டுபிடித்துத் தர வேண்டியதும் இழப்பை ஈடுகட்ட வேண்டியதும் காவல்காரர் பொறுப்பு. அதில் வம்பு இல்லை, வற்புறுத்தல் இல்லை என்று நான் சொல்லவில்லை. காவலுக்குச் சம்மதிக்காத ஊரில் களவு நடந்ததும் உண்டு. ஆனால் அது ஒரு ஏற்பாடு. கம்பெனிக்காரனும் அதற்குப் பின் வந்த சர்க்காரும் போலீஸைக் கொண்டுவந்து, காவல் உரிமை செல்லாது என்றார்கள். நேற்றுவரை காவல்காரன், இன்றைக்குக் குற்றவாளி. இந்த மாற்றத்தை விரிவாகப் பேசிய சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' நாவலுக்கு 2011-ல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. நம் பக்கத்து உழவர்கள் அந்தத் தடித்த புத்தகத்தைப் பார்த்துப் பயப்படாமல் படிக்க வேண்டும்.

ரேகை வைக்க மறுத்த ஊர்களில் ஒன்று பெருங்காமநல்லூர். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸ் துப்பாக்கியால் சுட்டது. 16 பேர் செத்தார்கள். அதில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். ஜாலியன்வாலாபாக் நடந்து ஒரு வருசம்கூட ஆகவில்லை. அதைப் பாடப் புத்தகத்தில் படித்துப் பரீட்சை எழுதினேன். ஐம்பது கிலோமீட்டருக்குள் நடந்த இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஜார்ஜ் ஜோசப் என்ற மலையாள பாரிஸ்டர் மதுரையில் இருந்துகொண்டு இந்த மக்களுக்காக வாதாடினார். 'ரோசாப்பூ துரை' என்று அவரைக் கொண்டாடி, பிள்ளைகளுக்கே ரோசாப்பூ என்று பெயர் வைத்தார்கள். முத்துராமலிங்கத் தேவர் உட்படப் பலர் போராடிய பிறகு, 1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் ஒழிந்தது. நாடு முழுக்க ஒழிந்தது 1952 ஆகஸ்ட் 31-ல்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விசயத்துக்கு வருகிறேன்.

துப்பாக்கியோடு வெள்ளைக்காரன் நிற்கவில்லை. 1920-க்குப் பிறகு 'கள்ளர் சீரமைப்பு' என்று ஒரு பெரிய திட்டம் வந்தது. பள்ளிக்கூடம் கட்டினார்கள், விடுதி நடத்தினார்கள். கூட்டுறவுச் சங்கம் வைத்தார்கள், கிணறு வெட்டக் கடன் கொடுத்தார்கள். சிலருக்கு நிலம் கொடுத்தார்கள், சிலரை மில் வேலைக்கு அனுப்பினார்கள். ஏர் பிடித்தால் மனிதன் ஒழுங்காகிவிடுவான் என்பது அதிகாரிகளின் நம்பிக்கை. மானுடவியல் அறிஞர் ஆனந்த் பாண்டியன், கம்பம் பள்ளத்தாக்கு உழவர்களோடு இருந்து ஆராய்ந்து 2009-ல் ஆங்கிலத்தில் வெளியிட்ட புத்தகம் இதைத்தான் பேசுகிறது. உழவு எப்படி ஒரு மக்களைத் 'திருத்தும்' கருவியாக ஆக்கப்பட்டது என்பதை.

அந்தப் பள்ளிக்கூடங்களால் நன்மை இல்லையா? உண்டு. அங்கே படித்து ஆசிரியர் ஆனவர்களும் அதிகாரி ஆனவர்களும் ஏராளம். என்னோடு வேலை பார்த்த இரண்டு பேர் அந்தப் பள்ளியில் படித்தவர்கள், என்னைவிடக் கெட்டிக்காரர்கள். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் அவை இன்றும் நடக்கின்றன. ஒரு கை ரேகையை உருட்டியது, இன்னொரு கை சிலேட்டைக் கொடுத்தது. இரண்டும் ஒரே உடம்பின் கைகள். இதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

ஆஸ்திரேலியாவிலும் இதே கதைதான், இன்னும் கொடூரமாக. 1788-ல் ஆங்கிலேயர் குடியேறியபோது அங்கே 250-க்கு மேற்பட்ட மொழிகள் இருந்தன. ஆனாலும் அந்த நிலம் யாருக்கும் சொந்தமில்லாதது என்று வைத்துக்கொண்டார்கள். வேலி இல்லை, ஏர் இல்லை, ஆகவே உழவு இல்லை, ஆகவே உரிமை இல்லை. இதுதான் கணக்கு. அப்படி இல்லை என்று அந்த நாட்டு உயர் நீதிமன்றம் 'மாபோ' வழக்கில் சொல்ல 1992 ஆனது. நடுவில், 1910 முதல் 1970 வரை, பழங்குடிக் குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்துக்கொண்டு போய் விடுதிகளில் வைத்தார்கள். தாய்மொழியில் பேசினால் அடி. பெரியவர்களுக்குக் கூலி என்று மாவும் சர்க்கரையும் தேயிலையும் அளந்து போட்டார்கள். "அவர்கள் நன்மைக்காக" என்றுதான் அத்தனையும் நடந்தது. 2008 பிப்ரவரி 13-ல் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். 2023-ல் அந்த மக்களுக்கு அரசியல் சட்டத்தில் ஒரு குரல் கொடுக்கலாமா என்று வாக்கெடுப்பு வைத்தபோது, மக்கள் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். கூட்டத்தில் மரியாதை செலுத்துவது சுலபம் என்று அக்கா மகனிடம் சொன்னேன். அவனும் தலையாட்டினான்.

உழவு தெரியாதவர்கள் என்று சொல்லப்பட்ட அந்தப் பெண்கள் காட்டுக் கிழங்கைத் தோண்டும்போது, ஒரு பகுதியை மண்ணிலேயே விட்டு மூடுவார்கள். அடுத்த வருசத்துக்கு. நம் மேற்கு மலையில் பளியர்களும் வள்ளிக் கிழங்கை அப்படித்தான் எடுக்கிறார்கள். கொடியோடு சேர்ந்த தலைப்பகுதியைக் குழியில் விட்டு மண்ணைத் தள்ளுவார்கள். இதற்குப் பெயர் உழவு இல்லையென்றால் வேறு என்ன? ஆனால் 1882-ல் வந்த சென்னை வனச் சட்டம், அவர்கள் காட்டில் கிழங்கு தோண்டுவதையும் தேன் எடுப்பதையும் சர்க்கார் தயவில் நடக்கிற காரியமாக்கியது. 2006-ல் வன உரிமைச் சட்டம் வந்து, "வரலாற்று அநீதி" நடந்தது என்று ஒப்புக்கொண்டது. சட்டம் வந்தும் பட்டாவுக்கு இன்னும் அலைகிறவர்கள் இருக்கிறார்கள்.

"இதையெல்லாம் நம் விவசாயப் பத்திரிகையில் ஏன் எழுதுகிறீர்கள்?" என்று சிலர் கேட்கலாம். நம் கூட்டங்களில் ஒரு பேச்சு வழக்கமாகிவிட்டது. "வெள்ளைக்காரனும் பசுமைப் புரட்சியும் நம்மை அடிமையாக்கிவிட்டன, நாமும் பழங்குடிகளைப் போல அடையாளம் இழந்தவர்கள்" என்று. கைதட்டலும் கிடைக்கிறது. எனக்கு அந்தப் பேச்சில் சம்மதமில்லை. யூரியா மூட்டை வாங்கியதும் ரேகைப் பதிவேட்டில் பத்து விரலை உருட்டியதும் ஒன்றாகாது. நம்மை யாரும் ராத்திரி சாவடியில் படுக்க வைக்கவில்லை. அடுத்தவர் பட்ட அடியை நம் முதுகில் எழுதிக்கொள்வதும் ஒரு வகைத் திருட்டுத்தான்.

ஆனால் அந்த அடியைக் கொடுத்த மனசு எப்படி வேலை செய்யும் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அதே கிளையில், மானாவாரியில் குதிரைவாலியும் சாமையும் மொச்சையும் தட்டையும் கலந்து விதைக்கிறவர் பயிர்க்கடன் கேட்டு வருவார். எங்கள் பட்டியலில் ஒரு ஏக்கருக்கு ஒரு பயிர், ஒரு தொகை. அதில் உரத்துக்கு இவ்வளவு, மருந்துக்கு இவ்வளவு. "கலந்து போட்டா கடன் கிடையாது. ஒரே பயிரா எழுதிக்கங்க. உரம் வாங்கின பில்லைக் கொண்டாங்க" என்பேன். "உரம் வேணாம் சார், குப்பை இருக்கு" என்றால், "அப்ப கடனும் இல்லை" என்பேன். அவர் விதைப்பதற்கு எங்களிடம் கட்டம் இல்லை, ஆகவே அது விவசாயமே இல்லை. கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அவரை முன்னேற்றுகிறோம் என்றுதான் நினைத்தேன். வேலி இல்லை, ஆகவே உரிமை இல்லை என்றவனும் அப்படித்தான் நினைத்திருப்பான்.

ஓய்வு பெற்று வந்து அப்பா விட்டுப்போன இரண்டு ஏக்கரில் இறங்கினேன். நம்மாழ்வார் ஐயா கோவில்பட்டி ஆராய்ச்சி நிலைய வேலையை உதறிவிட்டு வந்தவர். நான் பென்சனோடு வந்தவன். இருந்தாலும் ஒரு நோட்டுப் புத்தகமும் நாலு பயிற்சி முகாம் சான்றிதழும் வைத்திருந்தேன். களையெடுக்க வந்த, என்னைவிடப் பத்து வயது மூத்த அக்கா ஒருவருக்கு மூடாக்கு என்றால் என்ன, அதன் பயன் என்ன என்று அரைமணி நேரம் விளக்கினேன். கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "ஏன் தம்பி, களையப் பிடுங்கி வாய்க்கால்ல போடாத, செடிக்கு அடியிலயே போடுன்னு எங்கம்மா வையும். அதுக்கா இம்புட்டுப் பேரு?" நான் நோட்டை மூடிவிட்டேன். மை டப்பாவைத் தள்ளிய அதே கைதான் என்று தோன்றியது.

நம் இயக்கத்துக்குள்ளும் இந்தக் கை இருக்கிறது என்பதுதான் என் கவலை. பளியர் எடுத்த தேன் நம் கடையில் அழகான பாட்டிலில் நிற்கிறது. எடுத்தவருக்கு என்ன விலை போனது என்று எத்தனை பேர் கேட்கிறோம்? சாமையும் தினையும் 'பாரம்பரியம்' என்று மேடையில் வைக்கிறோம். அந்த விதையைப் பஞ்சத்திலும் கைவிடாமல் வைத்திருந்த குடும்பத்தின் ஊர்ப் பெயர்கூட லேபிளில் இல்லை. அங்ககச் சான்றிதழ் என்று வந்தால், படிவம் நிரப்பத் தெரிந்த என்னைப் போன்றவன் இயற்கை விவசாயி. காலங்காலமாக மருந்தே தொடாத மலைக்காட்டு உழவர் பதிவேட்டில் இல்லாதவர்.

இன்னொன்றும் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பாதி உண்மைதான். முத்திரை குத்தப்பட்ட மக்கள் பிறருக்கு முத்திரை குத்த மாட்டார்கள் என்று எந்த உறுதியும் இல்லை. உசிலம்பட்டி வட்டாரத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டபோது, 1996-லிருந்து பத்து வருசம் அங்கே தேர்தலை ஒழுங்காக நடத்த விடவில்லை. 2006-ல்தான் நடந்தது. பிறப்பை வைத்து ஒருவனை அளப்பது தவறு என்று பெருங்காமநல்லூரில் 16 பேர் உயிரைக் கொடுத்தார்கள். அதே அளவுகோலை இன்னொருவர் மேல் நாம் வைத்தால், அந்தப் பதிவேட்டை நாமே பத்திரமாக வைத்திருக்கிறோம் என்றுதான் அர்த்தம். இது ஒரு சாதிக்குச் சொல்வதல்ல. தோட்டத்தில் கூலிக்கு வருகிறவருக்குத் தனி டம்ளர் வைத்துக்கொண்டு இயற்கை விவசாயம் செய்கிற எல்லாச் சாதிக்காரருக்கும் சொல்வது.

2024 ஜூனில் ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துரு தலைமையிலான குழு, பள்ளிகளின் பெயரில் சாதி இருக்கக்கூடாது, கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் பள்ளிக் கல்வித் துறையோடு சேர வேண்டும் என்று பரிந்துரைத்தது. எங்கள் பக்கம் பெரிய எதிர்ப்பு. எதிர்க்கிறவர்களுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. அந்தப் பள்ளிகள் அவர்களுடைய முன்னோர் பட்ட பாட்டுக்குச் சாட்சி, நிலமும் பணமும் கொடுத்துக் கட்டியவையும் உண்டு. குழு சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. சாதிப் பெயர்ப் பலகைக்குக் கீழே குழந்தைகள் உட்கார வேண்டியதில்லை. என் அபிப்பிராயம், பலகையில் முதலில் போக வேண்டிய வார்த்தை 'சீரமைப்பு'. சீர் கெட்டுக் கிடந்தவர்களை யாரோ வந்து அமைத்தார்கள் என்கிற பொய்யை நூறு வருசமாக ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் தலைக்கு மேல் தொங்கவிட்டிருக்கிறோம். பலகையை மாற்றுங்கள். ஆனால் பள்ளிக்குள் ஒரு சுவரில் 1920-ல் என்ன நடந்தது என்று எழுதி வையுங்கள். பெயரை அழித்துவிட்டு வரலாற்றையும் சேர்த்து அழித்தால், அது இரண்டாவது சீரமைப்பு.

நம் இயக்க நண்பர்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. விதைத் திருவிழாவில் ஒவ்வொரு விதைக் கலயத்திலும் ரகத்தின் பெயரோடு, அதைக் காத்த ஊர், காத்த மக்கள் பெயரையும் அவர்களைக் கேட்டு எழுதுவோம். மலை மக்களிடம் வாங்குகிற பொருளுக்கு அவர்களுக்குக் கொடுத்த விலையைக் கடைப் பலகையில் போடுவோம். பயிற்சி முகாமில் முதல் மணி நேரம் நாம் பேசாமல், அந்த ஊர் வயசாளிகளைப் பேசச் சொல்லி, நாம் குறிப்பெடுப்போம். வருகிற ஏப்ரல் 3-ஆம் தேதி, எந்தக் கொடியும் இல்லாமல் ஒரு வேன் பிடித்துப் பெருங்காமநல்லூர் போய், அந்த நினைவுத் தூணுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவோம்.

நான் போகிறேன். போகிற வழியில் அந்தப் பெரியவர் ஊரிலும் இறங்கி விசாரிக்க எண்ணம். அவர் இப்போது இருக்க வாய்ப்பில்லை. எழுத்துக்கூட்டச் சொல்லிக் கொடுத்த பேரன் இருப்பான், அவனுக்கும் நாற்பதைத் தாண்டியிருக்கும். என்ன சொல்வதென்று தெரியவில்லை. உங்கள் தாத்தா போட்ட கையெழுத்து நன்றாக இருந்தது, நான்தான் வாங்கிக்கொள்ளவில்லை என்று சொல்லலாம் என்றிருக்கிறேன்.